சுத்தமான கோடு

பேச முடியாதவர்கள் நினைப்பதை மூளை அலையிலிருந்து படிக்கும் மென்பொருளுக்குச் சொந்தமாக ஒரு வடிகட்டி எழுதிக்கொண்டு, நான் நர்ஸாக இருக்கும் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு வந்தார் ஒரு பொறியாளர். நிமிடத்துக்கொரு முறை சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துவிட்டுத் திரையில் ஓடும் அலைக்கோட்டை மட்டும் பார்ப்பார்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரத்தநாட்டு விவசாயிக்கு மூளை அலையைப் பிடிக்கும் கம்பித் தொப்பி மாட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"ரெண்டு தடவ கண்ண சிமிட்டுறாங்க சார். தண்ணி கேக்குறாங்க," என்றார் அவர் மனைவி.

"கண்ணு சிமிட்டுனா கோடு குதிக்கும்மா. அதையெல்லாம் அழிக்கத்தான் இந்த வடிகட்டிய எழுதியிருக்கேன். எவ்வளவு சுத்தமா வருது பாருங்க!"

அந்த அம்மாள் ஸ்பூனால் கணவருக்குத் தண்ணீர் புகட்டினார்.

"ஐயோ, முழுங்க விடாதீங்க, சிக்னல் கெட்டுடும்!" என்று பதறினார் பொறியாளர்.

அத்தனை தடவை கண்ணாடியைத் துடைத்தது எதைப் பார்ப்பதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.