இடக்கைச் சிங்கம்

போன மாதம் சிரம்பான் லோபாக்கில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் இலையில் விழுந்த கோழிக்கறியைக்கூட மறந்துவிட்டு என் மாமாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக் குத்துச்சண்டையில் மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியனாக இருந்தவருக்கு நிஜமாகவே திறமை இருந்ததா, வெறும் அதிர்ஷ்டமா? அவர் பலம் இடது கையிலா, வலது கையிலா? மாமா செத்துப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்த பாடில்லை. இந்த வழக்குக்கு என் ஒன்பதாவது வயதிலேயே நான் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தாயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

மாமா என்றால் அப்பாவின் தங்கை புருஷன். சிரம்பானிலிருந்து லாரியில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில்தான் அவரும் அப்பாவும் ஒன்றாக வளர்ந்தார்கள். அப்போதிருந்த துரை கையுறை வாங்கிக் கொடுத்து மாமாவைச் சிரம்பான் மேடைக்கு அனுப்பினார். மாமாவின் மூலையில் அப்பா தண்ணீர் வாளியோடு நின்றார். மூன்று வருடமும் அதே வாளி. மூன்றாவது கோப்பை வந்த கையோடு அப்பா தன் ஒரே தங்கையை அவருக்குக் கட்டிக் கொடுத்தார். கேட்டவர்களிடமெல்லாம், "சாம்பியனுக்குல்ல குடுத்திருக்கேன்" என்று சொல்லிப் பூரித்தாராம். மாப்பிள்ளையின் குணம் எப்படி என்று அவர் விசாரித்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு விவரம் தெரிந்தபோது மாமா சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தார். முழு கேட்டையும் அடைக்கும் அளவுக்கு வயிறு வந்திருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்துக்கு வந்தால் அவர்தான் இன்னமும் சாம்பியன்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அத்தை ஒரு துணிப்பையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது காதில் பஞ்சு அடைத்திருந்தாள். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். ரஹாங்கில் குழாய்த் தண்ணீரில் குளிக்கிறவள் ஆற்றுக்கு எப்போது போனாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காது சுத்தமாகக் கேட்காது. அத்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் இடது பக்கமாகப் போய் நிற்கப் பழகிக்கொண்டேன்.

"நான் திரும்பிப் போகல அண்ணி" என்று அவள் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "இரு. உன்னை யாரு போவச் சொன்னா?" என்றாள் அம்மா. ஆனால் வீடு அப்பாவுடையது. அத்தை இருப்பதா போவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ வாயே திறக்கவில்லை. எனக்கு அவள் இருந்தால் போதும் என்றிருந்தது. முடியை வெடுக்கென்று இழுக்காமல் தலை பின்னிவிட எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா கோயில் கமிட்டிக்கு மாமாவின் ஞாபகம் வர வேண்டும்! பழைய சாம்பியனுக்குப் பொன்னாடை போர்த்துவது, தம்பதி சமேதராக மேடையேற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அம்மா என்னைச் சீனி வாங்க அனுப்பினாள். ரப்பர்ப் பால் நிறுத்துப் போட்டுவிட்டு வந்த ஆண்களெல்லாம் தோட்டத்துக் கடை வாசலில் கூடியிருந்தார்கள். கமிட்டித் தலைவரும் தோட்டத்தில் வேலையாட்களை மேய்ப்பவருமான மண்டோர் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, வெள்ளைத் துணியை விரித்து, சிவப்புப் பெயிண்டில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு நின்றார். 'இடக்கைச் சிங்கமே வருக' என்று எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தோட்டத்து லாரிக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"இடது கையா? சும்மா இருங்க லா அண்ணே. அந்தக் கையால ஒரு கொசு அடிச்சு நான் பாத்ததில்ல. எல்லாம் வலது கைதான். அதுவும் மொத வருசம் எதுத்து நின்னவன் வயித்துப்போக்கோட வந்தவன்."

"நான் வாளியோட பக்கத்துல நின்னவன் லா! கண்ணால பாத்தவன்! அந்தத் துரை மட்டும் ஊருக்குப் போவாம இருந்திருந்தா, மச்சான் மலேசியாவுக்கே விளையாடியிருப்பாரு."

"கிழிச்சாரு. திருப்பி அடிக்கத் தெரியாதவனாப் பாத்துத்தான் அடிச்சாரு உங்க சாம்பியன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுண்டிப் போனது. மாமாவின் இடது கை பொய் என்றால் அப்பாவின் வாளியும் பொய், தங்கையைக் கொடுத்ததும் பொய் என்று ஆகிவிடும் போலிருந்தது. மண்டோர் பொறுமையிழந்தார்.

"எந்தக் கைன்னு முடிவா சொல்லுங்க லா, பெயிண்டு காயுது. அவரு சம்சாரம் உங்க வீட்டுலதான இருக்கு? அதைக் கேட்டாப் போச்சு."

"அவகிட்ட என்னத்தைக் கேக்குறது, பொம்பள" என்றார் அப்பா அவசரமாக.

"பாப்பா, ஓடிப்போயி அத்தையக் கேட்டுட்டு வா" என்று மண்டோர் என்னை விரட்டினார். சீனியை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன்.

அத்தை அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய் நின்று, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அத்தையின் கை நின்றது.

"அங்க அண்ணன் இருக்காரா?"

"இருக்காரு. எல்லாரும் இருக்காங்க அத்தே."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்துத் தன் முன்னால் நிறுத்தினாள். "இடது கைதான்னு சொல்லு. சத்தமா சொல்லணும். எப்படித் தெரியும்னு கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி, இந்தக் காதைத் தொட்டுக் காட்டு. அண்ணனைப் பாத்துக் காட்டு."

நான் என் இடது காதைத் தொட்டேன். அத்தை என் கையை எடுத்து வலது காதில் வைத்தாள். இரண்டு முறை சொல்லிக் காட்டச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்குக்கூட யாரும் எனக்கு அப்படிப் பயிற்சி கொடுத்ததில்லை.

திரும்ப ஓடி, கடை வாசலில் நேராக நின்று, "இடது கைதான்!" என்று கத்தினேன். வலது காதைத் தொட்டு, அப்பாவைப் பார்த்தேன்.

இடது கையை வீசினால் எதிரே நிற்பவரின் வலது காதில்தான் விழும் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவ்வளவு நேரம் அதைத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள்? எனக்கு மட்டும் தெரியவில்லை. காதைத் தொடுவது சத்தியம் பண்ணுவது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். "சரி லா. இடது கைதான்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தார். "கேட்டீங்களா? நான் சொன்னேன்ல! எழுதுங்க மண்டோரே, எழுதுங்க!"

மண்டோர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

விஷயம் எனக்கு முன்னால் அம்மாவின் காதுக்குப் போயிருந்தது. அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் தட்டை வைத்தபடி, "மூணு வருசம் வாளி தூக்குனது பத்தலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கட்டுனவன்கூட மேடையேறாம தங்கச்சி எங்க வீட்டுல ஒக்காந்திருந்தா ஊரு என்னைத்தான் சிரிக்கும்" என்றார். அத்தை வந்து இத்தனை நாள் கழித்து அவர் வாய் திறந்து சொன்னது அதுதான்.

திருவிழாவன்று மாமா இரவல் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அத்தை அம்மாவின் பச்சைப் புடவையில், முறைப்படி அவருக்கு இடது பக்கம் நின்றாள். பொன்னாடை போர்த்தியதும் கூட்டம், "கையைத் தூக்குங்க சாம்பியன்!" என்று கத்தியது. மாமா இடது கையை மடக்கி விருட்டென்று தூக்கினார். அத்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடினாள். "வெக்கத்தைப் பாரு லா!" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. நானும் கைதட்டிச் சிரித்தேன். இத்தனை வருடம் கழித்தும் நான் என்னை மன்னிக்காதது அந்தக் கைதட்டலுக்காகத்தான்.

மறுநாள் காலையில் தோட்டத்து லாரி அவர்களை ரஹாங்கில் விடப் போனது. லாரிக்காரர் முன்கதவைத் திறந்து அத்தையை ஏறச் சொல்லிவிட்டு, மாமாவிடம், "முன்னால எடமில்ல, பின்னால ஏறிக்குங்க" என்றார். முன்னால் இரண்டு பேர் உட்காரத் தாராளமாக இடமிருந்தது. சாம்பியனைப் பின்னால் ஏற்றுகிறாரே என்று அப்பாவுக்குக் கோபம். அத்தைக்காக அந்தத் தோட்டத்தில் ஒரு ஆண்பிள்ளை செய்த உதவி அந்த அரை மணி நேரம்தான்.

ஏறுவதற்கு முன்னால் அத்தை என்னைக் கூப்பிட்டாள். நான் வழக்கம்போல் இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"அன்னைக்கு நான் சொன்ன மாதிரியே சொன்னியா பாப்பா? காதைத் தொட்டுக் காட்டுனியா?"

"காட்டுனேன் அத்தே. எல்லாரும் பாத்தாங்க."

"அண்ணன்?"

"அப்பா நல்லாப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் சிரிச்சாரு" என்றேன் பெருமையாக.

அத்தை தலையை ஆட்டினாள். லாரி கிளம்பிவிட்டது. ஒரு சொல் தவறாமல், காதுகூட மாறாமல் சொன்னதற்கு அத்தை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று, லாரி வளைவில் திரும்பும் வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.