தட்டு வராத நாள்

எய்சகு பேச்சில் மகா கஞ்சன். கோடையில் ஆப்பிள் தோட்டம், குளிர்காலத்தில் யோகோதே நகராட்சியின் பனி அள்ளும் வண்டி என்று முப்பது வருஷம் உழைத்தவர், மனைவி கினுகோவிடம்கூட ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். சோற்றோடு புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய் இல்லாவிட்டால் மட்டும் வாய் திறக்கும். அந்த வயிற்றில்தான் புற்று வந்தது.

அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்துச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம். எய்சகுவின் அண்ணனுக்கு ஆறு மணி நேரம் ஆபரேஷன் செய்து அப்படித்தான் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் பதினொரு வருஷம் நன்றாகவே இருந்தார். சொந்தக்காரர்களைச் சீக்கிரம் கூப்பிட்டால், வெட்டாமலே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது எய்சகு சொன்னார்: "தட்டை நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு."

"உங்க வயித்தைப் பாத்து நான் என்னத்தச் சொல்றது?"

"முப்பது வருஷம் உன் சமையலைத் தாங்கிச்சே. ஒரு கும்பிடாவது போடு."

பத்தரைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். கினுகோ ஓட்டமாக ஓடினாள். டாக்டர் நருமியிடம் தட்டு இல்லை. கறுப்பில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மின்னும் ஒரு படம்தான் இருந்தது.

"வயிறு எங்க டாக்டர்?"

"எடுக்கலம்மா. சின்னத் துளை போட்டு ஒரு மருந்து தெளிச்சோம். புத்து செல்லுல இருக்கிற நொதி பட்டா அது இப்படிப் பச்சையா ஒளிரும். வயித்தைத் தாண்டி உள்சவ்வு பூரா ஒளிருது. ஒரு துளி கிள்ளி மைக்ராஸ்கோப்புலயும் பாத்துட்டோம். பரவிடுச்சு. இனி வயித்தை எடுத்துப் பிரயோஜனமில்ல."

"வெறும் கண்ணுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. கடுகுல பாதிகூட இல்ல."

"இந்த மருந்து இல்லாத காலமா இருந்தா?"

"வெட்டி எடுத்துத் தட்டுல காட்டியிருப்போம்."

"அப்படியே செஞ்சிருக்கக் கூடாதா? ஒரு வருஷமாவது பொழச்சிட்டோம்னு நினைச்சிட்டு இருந்திருப்போமே!"

டாக்டர் மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். "அவர்கிட்ட நாளைக்கு நான் பேசறேன்" என்றும் சொன்னார்.

நாளைக்குத்தானே. இன்று ஒரு நாளாவது அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று கினுகோவுக்கு வெறியே பிடித்துவிட்டது. அறைக்கு ஓடிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் திணித்தாள். திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

கொண்டுவந்து கிடத்திக் கொஞ்ச நேரத்தில் எய்சகு கண் திறந்தார். முதல் கேள்வியே அதுதான்.

"மணி என்ன?"

"நாலாகப் போகுது."

"பாத்தியா?"

"பாத்தேங்க. தட்டு நிறைய இருந்துச்சு."

அவர் முகம் தெளிந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அப்போது நகராட்சியின் பன்னிரண்டு மணி சைரன் ஊர் முழுக்க அலறியது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். அது ஓய்வதற்குள் அவர் சிரிப்பும் போய்விட்டது. கினுகோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எய்சகு அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"அழாத. நாலுன்னே இருக்கட்டும்."

நிஜமாகவே நாலு மணி ஆகும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை.