இரண்டு பட்டனையும் அமுக்கிய சசிகலா

மணிமங்கலம் சசிகலாவுக்கு எந்தப் பொருளையும் திறந்து பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. மிக்ஸி நின்றுபோனால் கடைக்குக் கொடுக்கமாட்டாள், ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவாள். கழற்றியதில் பாதி திரும்பச் சேராது, அது வேறு கதை. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில், தகடு வளைக்கிற பிரஸ் மெஷினில் ஆறு வருஷம் நின்றவள். மெயின்டனன்ஸ் ஆட்களைக் கேள்வி கேட்டே குடைந்தெடுத்து, கடைசியில் அவர்களுக்கே பாடம் எடுத்தவள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு வருஷமாகத் தன் தலைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. பக்கத்து மெஷினில் நின்ற காவேரியின் வலது கை மாட்டி நாலு விரல் போன நாளிலிருந்து இந்தக் கூத்து. குக்கர் விசிலடித்தால் உடம்பு தூக்கிப்போடும். மற்ற நேரம் குளிக்கக்கூடத் தோன்றாமல் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பாள். வேலையும் போச்சு. ஒரு டாக்டர் டிப்ரஷன் என்றார். இன்னொருவர், விபத்தைப் பார்த்த பயம் உள்ளே தங்கிவிட்டது, அதற்குப் பிடிஎஸ்டி என்று பேர் என்றார். புருஷன் சிவசங்கர், "ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்" என்று மூன்றாவதாக ஒரு பேர் வைத்தான். மாத்திரைதான் மாறியது, அவள் மாறவில்லை. இதில் எது தன்னுடையதென்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும் என்று தவியாய்த் தவித்தாள்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த இரண்டு நோய்க்காரர்களின் மூளையையும் ஸ்கேனில் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விடுவாளா? தாம்பரம் போய் ரயிலேறிவிட்டாள். ஆராய்ச்சி செய்கிற டாக்டர் பூர்ணிமாவுக்கு, பாவம், அவள் காவேரி கதையைச் சொல்லிவிட்டுக் கேட்ட கேள்விகளில் காபியே ஆறிப்போனது.

"மூளை வேலை செய்றது எப்டி மேடம் படத்துல தெரியும்? எரியுமா இன்னா?"

"எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாப் போகுதுன்னு மெஷின் காட்டும்மா. பயம் கிளம்புற இடம் சிலருக்கு அதிகமாத் துடிக்கும். ரெண்டு நோய்லயும் எது ஒண்ணா இருக்கு, எது வேறயா இருக்குன்னு தேடுறோம்."

"அப்போ எனக்கு எதுன்னு இன்னிக்கே சொல்லிடுவீங்க."

"அது முடியாது. நிறைய பேரைச் சேத்து வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு ஆளோட படத்தை வெச்சு நோயைச் சொல்ல முடியாது."

சசிகலாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி, வந்தது வந்தாச்சு, உள்ளே போய்த்தான் பார்ப்போமே! உலோகம் எதுவும் ஆகாது என்றதால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

கைக்கொரு பட்டன் கொடுத்தார்கள். திரையில் முகங்கள் வரும். கோப முகமென்றால் இடது, சாதா முகமென்றால் வலது. வெளியே பழக்கியபோது சரியாகத்தான் செய்தாள். உள்ளே மெஷின் டொக்கு டொக்கென்று இடிக்க ஆரம்பித்ததும், வந்த முகத்துக்கெல்லாம் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கித் தள்ளினாள்.

"ஏம்மா ரெண்டையும் அமுக்குனீங்க?" வெளியே வந்ததும் பூர்ணிமா கேட்டார்.

"ஐயையோ, பிரஸ் பழக்கம் மேடம். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்குனாத்தான் மெஷின் எறங்கும். கை உள்ள மாட்டக்கூடாதுல்ல."

"அப்போ உங்க காவேரிக்கு எப்படி மாட்டுச்சு?" டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒரு பட்டனை அமுக்கி டேப் சுத்திட்டா ஒரு கையே போதும், வேலை சீக்கிரம் முடியும். அன்னிக்கு டார்கெட் ஏறல. காவேரி மெஷின்ல டேப் சுத்துனது நான்தான் மேடம்."

புருஷனிடமோ எந்த டாக்டரிடமோ இதுவரை சொல்லாத பேச்சு. சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள். பூர்ணிமா அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"இந்த ஸ்கேன் ஆராய்ச்சிக்கு ஆகாது, போகட்டும். பயம், சோர்வு ரெண்டும் சேந்தே வரலாம்மா, நிறைய பேருக்கு வருது. இப்ப சொன்னதை உங்க டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க."

திரும்பும்போது தாம்பரத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, காவேரி வீட்டுக் கதவைத் தட்டினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

காவேரி கதவை அகலத் திறந்தாள்.

"நீ சுத்தும்போது டேப்பைக் கிழிச்சுக் குடுத்ததே நான்தானேடி. அதுக்கா நீ இந்தப் பக்கமே வரல? என் கையப் பாக்க உனக்கு அருவருப்பா கீதுன்னு இல்ல ரெண்டு வருஷமா நெனச்சுகினு கெடந்தேன்!"