பதினேழாம் நம்பர் இட்லிப்பூச் செடி

எண்பத்தேழாம் வருஷக் கோடையில், கல்வராயன் மலையடிவாரத்துப் பூச்செடிப் பண்ணையில் குஞ்சம்மாளுக்குக் கொடுத்த வேலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. கேட்டால் சிரிப்பு வரும். நட்டு மூன்று மாதமான இருபது இட்லிப்பூச் செடிகள், ஒவ்வொன்றும் ஒரு ரகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் தகடு. நாற்பது நாள் சொட்டுத் தண்ணீர் கூடாது. எது வாடாமல் பூக்கிறதோ அதைத்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரித் தோட்டங்களுக்கெல்லாம் பதியம் போட்டுக் கொடுப்பார்கள். அவள் தினமும் கொத்துகளை எண்ணிச் சொன்னால் போதும்.

கரும்பு வெட்டி வெட்டி முதுகு ஒடிந்தவளுக்கு இது ராஜ வேலை. புருஷன் இல்லை. மகள் ஜெயம்மாள் எட்டாவது படிக்கிறாள். இந்த வேலை போனால் அவளையும் இழுத்துக்கொண்டு கரும்பு வெட்டத்தான் போகவேண்டும்.

ஆனால் பாவி மனசு கேட்டால்தானே! பதினெட்டாம் நாள் பதினேழாம் நம்பர் தலை தொங்கி நின்றது. பச்சைப்பிள்ளையைப் பட்டினி போட்டமாதிரி இருந்தது அவளுக்கு. சாப்பிட்ட தூக்குவாளியைக் கழுவி, அந்தத் தண்ணீரை அதன் அடியில் ஊற்றினாள். ஒரு நாள்தானே என்றுதான் ஊற்றினாள். மறுநாளும் கை தானாகப் போயிற்று.

செடி நிமிர்ந்தது, மொட்டு விட்டது. மற்றதெல்லாம் மொட்டில்லாமல் நிற்க, இது மட்டும் செக்கச்செவேலென்று காட்டிக்கொடுத்தது. பூவைக் கிள்ளி மடியில் ஒளித்தாள். கிள்ளக் கிள்ள இரண்டாய்த் துளிர்த்தது, சனியன்!

நாற்பதாம் நாள் அதிகாரி சுப்புராயன் வந்தார்.

"அடடே, பதினேழு! இதாம்மா நம்ம செடி. ரெண்டாயிரம் பதியம் போடலாம். மத்தத வெட்டிடு."

ஒன்பதாம் நம்பரில் பிந்தி வந்த மூன்றே கொத்து. தண்ணீரையே காணாமல் பூத்த மூன்று கொத்து. அதன்மேல் ஓங்கிய மண்வெட்டியைக் குஞ்சம்மாள் கீழே இறக்கினாள். தண்ணீர் ஊற்றியதெல்லாம் தெரிந்த தைலம்மாள், கூட வேலை செய்பவள், காதோரம் வந்தாள்.

"வாய மூடிகினு வெட்டுடி. ஜெயம்மாள நெனச்சுக்க."

"ஐயா..." குஞ்சம்மாள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "பதினேழுக்கு நான் தண்ணி ஊத்திகினு இருந்தேங்க. ஒம்போதுதாங்க நெசமான செடி."

சுப்புராயனுக்கு முகம் கறுத்தது. குனிந்து பதினேழைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. சாண் நீளம்கூட வேர் இல்லை. மேலேயே கிடைத்தபோது அது எதற்குக் கீழே இறங்கித் தேடும்?

"நாளைலேர்ந்து நீ வரவேணாம்" என்றார்.

வீட்டு வாசலில் ஜெயம்மாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னைக்கு இம்மாஞ் சீக்கிரம் வந்துட்ட?"

"நீ கணக்கப் போடு" என்று, கூரையில் செருகியிருந்த கரும்பு வெட்டும் கத்தியை உருவினாள் குஞ்சம்மாள்.