ஆடியில் வந்த நிழல்

"தம்பி, நீர் பூட்டித் தந்தது ஹீட்டரோ, ஐஸ் பெட்டியோ?"

போனில் கனகசபை அங்கிள் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு மாசமாத் தண்ணி வெதுவெதுப்புத்தான், மழையாலயெண்டு பொறுத்திருந்தம். இப்ப மனுசி மூண்டு நாளாத் தலை சீவேல்ல. நான் திரும்பவும் பானையைத் தூக்கப் போறன்."

எண்பதுகளின் நடுவில், சுங்கை வே என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையில் சோலார் ஹீட்டர் பூட்டும், அதாவது கூரையில் பொருத்தும், வேலை எனக்கு. இளம் டெக்னீஷியன்களான நீங்கள் இப்போது கூரையில் கரண்ட் எடுக்கிற பேனல் வைக்கிறீர்கள். எங்களுடையது தண்ணீரைச் சுட வைக்கிற பேனல். கறுப்புத் தகடு, மேலே கண்ணாடி, ஒட்டினாற்போல் டாங்க். பகல் வெயிலில் சூடான தண்ணீர் மறுநாள் விடியும்வரை ஆறாது. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்பது அன்று எல்லாரும் கேட்ட அதே கேள்விதான்: எந்த மாதத்தில் வைத்தால் நல்லது?

தையில் வைத்தது

எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, இதற்கு அரைகுறைத் தமிழில் ஒரே பதில்தான் சொல்வார். "நம்ம ஊர்ல வெயில் எல்லா மாசமும் சேம் சேம் லா! கஸ்டமர் கூப்பிட்டா போ."

தமிழர் அதிகமுள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கஸ்டமர்கள் தையில்தான் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் மாசியில். ஆடியில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள். தமிழர் வீடுகள் எல்லாம் என் பங்கு என்பதால், ஆடி முழுக்க நான் பட்டறையில் டாங்க் வெல்டிங் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில் ஆடி மாதத்தில் ஒரு கூரையிலும் நான் ஏறியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கனகசபை அங்கிளும் பிரிக்பீல்ட்ஸ் கஸ்டமர்தான்; அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணக் குடும்பம். மனைவி பரமேஸ்வரி ஆன்டிக்கு மூட்டுவாதம். விடிந்ததும் கையைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால்தான் விரல் மடங்கும், சீப்பைப் பிடிக்க முடியும். அங்கிள் சீவி விடுகிறேன் என்றால் ஆன்டி விடமாட்டார். "ஃபைல் கட்டின கையால என்ர தலையைக் கட்ட வேண்டாம்!" அங்கிள் அடுப்பிலிருந்து பானையைத் தூக்கி வந்து ஒருநாள் தம் காலிலேயே கொட்டிக்கொண்டார். அதன் பிறகுதான், அந்த வருடத் தையில், எங்களைக் கூப்பிட்டார்கள்.

குளியலறை வீட்டின் வடக்குப் பக்கம். காப்பர் பைப் நீளம் குறைந்தால் சூடு வீணாகாது என்று பேனலையும் வடக்கு ஓரத்திலேயே வைத்தேன். வடக்கே ஒட்டிய சந்துக்கு அந்தப் பக்கம் ஐந்து மாடி ஃப்ளாட் கட்டடம் நின்றது. அதன் நிழல் விழுமோ என்று சந்தேகப்பட்டுக் காலையிலிருந்து மாலைவரை கூரையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பொட்டு நிழல் விழவில்லை.

ஆடியில் பார்த்தது

போன் வந்த அன்றே போனேன். மழை இல்லாத நாட்கள். ஓடு காய்ந்து, கால் வழுக்காமல், ஏறுவதற்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மேலே போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

உச்சிவேளை. தெரு முழுக்க வெயில் கொளுத்துகிறது. என் பேனல் மட்டும் நிழலில் கிடக்கிறது. கண்ணாடியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது.

வெயில் விழும் பக்கம் தள்ளி நின்று என் நிழலைப் பார்த்தேன். தையில் வடக்கே கிடந்த நிழல் இப்போது தெற்கே கிடந்தது. நிமிர்ந்தேன். சூரியன் ஃப்ளாட்டின் பக்கம் போய்விட்டிருந்தது. தையில் எனக்குத் தெற்கே நின்ற அதே சூரியன், இடையில் எப்போதோ என் உச்சந்தலையைத் தாண்டி, வடக்கே போய் நிற்கிறது! வருடத்தில் இரண்டு தடவை அது நம் தலைக்கு நேர் மேலே கடந்து போகிறது. பிறந்ததிலிருந்து இந்த வெயிலில் காய்கிறேன், அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன், எனக்கு அது தெரியவில்லை. கீழே அங்கிள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இறங்கி வந்து தப்பை ஒப்புக்கொண்டேன். "அங்கிள், தெற்குப் பக்கம் மாத்தணும். இன்னைக்கே மாத்திடலாம்."

"ஆடியிலயோ? ஒண்டும் தொடங்கக் கூடாது தம்பி. ஆவணி பிறக்கட்டும்."

உள்ளே இருந்து ஆன்டி வந்தார். மூன்று நாள் சீவாத தலையை முக்காடு போட்டு மறைத்திருந்தார். "இஞ்ச பாருங்கோ, என்ர விரல் பஞ்சாங்கம் பாக்கேல்ல. சூரியனே ஆடியில வீடு மாறிப்போட்டுது, உங்கட பேனல் மாறக்கூடாதோ?"

அங்கிள் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் பேனலை ஃப்ளாட் நிழல் எட்டாத தெற்குச் சரிவுக்கு மாற்றி, நீண்டுபோன பைப்புக்கு இன்சுலேஷன் சுற்றி முடித்தேன். ஒரு முழுப் பகல் வெயில் காயவிட்டு, அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் போய் கேட்டைத் தட்டினேன். ஆன்டிதான் திறந்தார். தலை ஈரம் காயவில்லை. வகிடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"தம்பி, தையிலயும் ஒருக்கா ஏறிப் பாரும். சூரியன் ஓரிடத்தில இருக்கிற ஆள் இல்லை."

ஆகவே பிள்ளைகளே, ஓடு காய்ந்த மாதம் எதுவோ அதில் ஏறுங்கள். மதியத்துக்கு மேல் இடி இடிக்கிற மாதங்களில் ஏறி விழுந்து வைக்காதீர்கள். பூட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று, ஆறு மாதம் கழித்து இந்தச் சூரியன் எந்தப் பக்கம் நிற்கும் என்று யோசியுங்கள். அடுத்த தையில் நான் அந்தக் கூரைக்குப் போனேன். என் நிழல் மறுபடி வடக்கே கிடந்தது. இம்முறை தெற்கே நிழல் விழுத்த ஏதாவது நிற்கிறதா என்றும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.