லீக்கும் கோப்பையும் என் தலைமுடியும்

அந்த வருஷம் வரைக்கும் எங்கள் ஃபுட்பால் டீம் எதையும் ஜெயித்ததில்லை. வட்டார லீக்கில் மூன்றாவது, நான்காவது என்று வருவோம். கோப்பைப் போட்டி என்றால் முதல் சுற்றிலேயே ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். மலையடியில் இருந்துகொண்டு இப்படித் தோற்கிறீர்களே, முருகனுக்கே அவமானமாக இருக்காதா என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டர், திருவாலங்காட்டில் கரும்பு போட்டிருப்பவர், மலைக்கோயில் மடப்பள்ளிக் குடும்பத்து ஆள் ஒருவர் என்று பலசரக்குக் கடை மாதிரி ஒரு டீம். நான் கோல்கீப்பர். திருத்தணியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயதில் மூத்தவன் என்பதால் என்னையே கேப்டனாகவும் ஆக்கியிருந்தார்கள்.

கோல் போடுகிறவன் என் மனைவியின் தம்பி. நல்ல உயரம். காலைவிடத் தலை நன்றாக வேலை செய்யும், பந்து விஷயத்தில் மட்டும். மற்ற விஷயங்களில் அந்தத் தலை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

லீக்கின் கடைசி ஆட்டம் அரக்கோணத்தில். ஜெயித்தால் லீக் எங்களுக்கு. ஆனால் இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். வேப்பமரத்தடியில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, மச்சான் எழுந்து பந்தை நடுவில் வைத்தான்.

“முருகா! லீக்க மட்டும் குடுத்துடு. டீம் மொத்தமும் மலையேறி வந்து மொட்ட போட்டுக்கறோம். ஒருத்தன் வுடாம!”

எல்லோரும் பந்தின் மேல் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். இரண்டாம் பாதியில் அவன் இரண்டு கோல் போட்டான், இரண்டும் தலையால். திரும்பி வரும்போது வேனில் தொண்டை கட்டும்வரை கத்தினோம். வீட்டு வாசலில் நின்ற என் மாமியாரிடம் அவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். அத்தை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், மொட்டை என்றதும் சிரிப்பை நிறுத்தினார்.

“எல்லாரும்னா? பாவாவுமா?” என்று என்னைக் காட்டிக் கேட்டார். அக்கா புருஷன் எங்கள் பக்கத்தில் பாவா.

“ஆங். கேப்டன் இல்லாமயா?”

“உங்கக்கா மாசமா கீறாளே, அது ஞாபகம் கீதா இல்லியாடா உனுக்கு?”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அக்கா ஐந்து மாதம். அவள் கேட்டதையெல்லாம் கடை கடையாகத் தேடி வாங்கி வருகிறவன் அவன்தான். ஆனால் வேப்பமரத்தடியில் அவனுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் தலையில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சில வீடுகளில் காதோரம் லேசாக வெட்டிக்கொள்ள விடுவார்கள். அத்தை அதையும் விடமாட்டார். தாடியையும் தொடவிடவில்லை. எதிர் டீம்காரர்கள் ஏற்கெனவே என்னைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் நான் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் இதற்கு முன் இரண்டு முறை எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அவள் வழியில் வந்த கடைப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதனால் முடியை எடுக்க எனக்குப் பயம். வேண்டுதலை நிறைவேற்றாமல் இருக்கவும் பயம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது குழந்தையின் தலையில்தான் விடியும் என்று தோன்றியது. லீக் ஜெயித்த கேப்டனான நான் அந்த வாரம் முழுக்கப் பேயறைந்த மாதிரி கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மனைவிதான் சிரித்தாள். “முடியிலயா கொழந்த இருக்கு? நீங்களும் உங்க டீமும்!” அவள் எதற்கும் சட்டென்று கலங்குகிற ஆள் இல்லை. டீம் மலைக்குக் கிளம்பிய காலை மட்டும் வாசல்வரை வந்து, “போன மாதிரியே வாங்க” என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மேலே மொட்டை போடும் மண்டபத்தில் எல்லோர் சட்டையையும் கையில் வாங்கிக்கொண்டு நான் நின்றேன். வரிசையாக உட்கார்ந்து, வரிசையாகச் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தார்கள். யார் டிஃபென்ஸ், யார் ஃபார்வர்ட் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மடப்பள்ளிக்காரரின் பெரியப்பா அங்கே நின்றிருந்தார். அவரிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். “முருகன் இன்னா வட்டிக்கடையா வெச்சிகினு கீறாரு? கொழந்த பொறக்கட்டும், தீட்டு கழியட்டும், வந்து போட்டுக்க” என்றார். எனக்கு அரை நிம்மதி. டீமுக்கு அதுவும் இல்லை. கூட்டாக வேண்டிக்கொண்டது ஒரு தலை குறைந்தால் எப்படி நிறைவேறும் என்று அவர்களுக்குள் பேச்சு.

கோப்பைப் போட்டி அடுத்த நாளே தொடங்கிவிட்டது. வெயிலில் சந்தனம் உருகி வழிந்தது. மச்சான் எம்பித் தலையால் முட்டிய பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு எங்கெங்கோ போனது. சந்தனத்தில் வழுக்குகிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது என் முடியை. கடைசியில் கிடைத்த ஒரு பெனால்டியில் தப்பித்தோம்.

அடுத்தடுத்த சுற்றுகள் மாதத்துக்கு ஒன்றாக நடந்தன. மொட்டைத் தலைகளில் முள் முள்ளாக முடி முளைக்க, பந்து மறுபடி மச்சான் சொன்னபடி கேட்டது. நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். என் முடி தோளைத் தொட்டது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் ஒரு கோல் விட்டால் போதும், பின்னாலிருந்து எவனாவது, “கேப்டன் இன்னும் பாக்கி” என்பான். கேலிதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன், ஏதாவது ஆகியிருக்குமோ என்று. கோப்பை போனால் போகட்டும் முருகா, அவளையும் குழந்தையையும் விட்டுவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கேப்டன் வேண்டிக்கொள்ளக் கூடியதா இது? வேண்டிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் எங்கள் மைதானம் தற்காலிக பஸ் ஸ்டாண்டு ஆகிவிடும். அதனால் ஃபைனலை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே, எங்கள் ஊரிலேயே வைத்தார்கள். அன்று காலையில் அவளுக்கு வலி கண்டுவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். “நீங்க போய் ஆடுங்க, இங்க நடந்துகினு இருந்தா எனக்குத் தல சுத்துது” என்று உள்ளே போகுமுன் அவள் சொன்னாள். மச்சானை அனுப்பினேன். நான் போகவில்லை. எனக்குப் பதிலாகக் கரும்புக்காரர் கோலில் நின்றார். ஆக, அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் டீமில் வேண்டுதலை முடிக்காத தலை ஒன்றுகூட இல்லை. அவர்கள் தெம்பாகப் போயிருப்பார்கள், எனக்கு நிச்சயம்.

சாயங்காலம் மைதானத்துப் பக்கமிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. எங்கள் பட்டாசா, அவர்கள் பட்டாசா தெரியவில்லை. அதை யோசிப்பதற்குள் உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. மெலிசாக, கோபமாக, விடாமல். வராந்தா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க” என்று அத்தை வந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் வார்டுக்குள் போய்ப் பார்க்க விட்டார்கள்.

டீம் கோப்பையோடு வந்து சேர்ந்தது. கேட்டில் நிறுத்திவிட்டார்கள், மச்சானை மட்டும் உள்ளே விட்டார்கள். புழுதியும் வியர்வையுமாக வந்தவனை அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் வரவிடவில்லை. தூரத்தில் நிற்கவைத்து, குழந்தையின் தலையை மூடியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அவன் எட்டிப் பார்த்தான். ஒரு முடி இல்லை. வழவழவென்று, விளக்கு வெளிச்சம் பட்டு மின்னியது.

“பாவா! மொட்ட!” என்றான். அடக்க முடியாமல் ஜன்னலுக்கு ஓடி, கீழே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான். “டேய், கேப்டன் கணக்க அவர் பொண்ணு முடிச்சிட்டாடா!”

கீழே அவர்கள் போட்ட கூச்சலுக்கு நர்ஸ் வந்து திட்டினார். அத்தையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா, இரண்டும்தான்.

அவர்களெல்லாம் போனபிறகு கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டி என் தலைமுடியைப் பிடித்துப் பார்த்தாள்.

“தீட்டு கழிஞ்சதும் போய் எடுத்துடுங்க. இத்தினி மாசமும் காலைல கண்ணு முழிச்சதும் மொதல்ல உங்க தலையத்தான் பாப்பேன். முடி இருக்குதா, யார் பேச்சயாவது கேட்டுகினு எடுத்துட்டீங்களான்னு.”

மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கை என் தலையிலேயே இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.