ஐரின் வரைந்த பூட்டு

பெங்களூரு பிரேசர் டவுனில், பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் ஐரினுக்கு ‘அமைதியான பொண்ணு’ என்று பெயர். அமைதியாவது, மண்ணாங்கட்டியாவது! அவளுக்குத் திக்கும். ‘ப’வில் தொடங்கும் சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு நழுவுவதில் அவள் கெட்டிக்காரி. ஆபீசில் எல்லாவற்றையும் மெசேஜில் எழுதியே சமாளித்தாள். லிங்கராஜபுரத்து வீட்டில் அவள் அப்பா மதலைமுத்து, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருமுறையாவது மகள் வாசகம் வாசிக்க மாட்டாளா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

கம்பெனியில் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது ‘ஹெஜ்ஜே’ என்ற மொபைல் ஆப். கன்னடத்தில் காலடி என்று அர்த்தம். வயசுப் பிள்ளைகள் மனதில் இருக்கும் ஒரு லட்சியத்தை அதில் எழுத வேண்டும். அதன்பின் நாற்பது நாளுக்கு, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அது கேட்கும்: “இன்னிக்கு ஒரு அடி வெச்சியா?” பதில் எழுத வேண்டும். அதன் திரைகள் அத்தனையும் ஐரின் வரைந்தவை.

“ஒரு பூட்டு போடு ஐரின்,” என்றார் முதலாளி டிரேவர். “பூட்டு இருந்தாதான் பசங்க மனசு விட்டு எழுதுவாங்க.”

பதினொரு பூட்டு வரைந்து பத்தைத் தள்ளினாள். மிஞ்சியது மஞ்சள் நிறத்தில் குட்டியாக ஒன்று. அதற்குக் கீழே, ‘இது உனக்கு மட்டும்’ என்று எழுதியதும் அவள்தான். தான் வரைந்த பூட்டைத் தானே நம்பினாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த தப்பு.

ஆபீசில் ஆளுக்கொரு உண்மையான லட்சியம் வைத்து ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்றார் டிரேவர். நாற்பதாம் நாள் ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வருவார்கள். பிடித்திருந்தால் மாணவர்கள் எல்லோருக்கும் இந்த ஆப்தான். டிசைனை ஐரினே விளக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் ஐரின் எழுதினாள்: ‘நாற்பதாம் நாள் என் வாயால் பேச வேண்டும்.’

அதன்பின் தினமும் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேசினாள். சிவாஜிநகரில் லேஸ் கடைக்காரரிடம் ‘பச்சை’ என்று கேட்க அவளுக்கு ஒரு யுகம் ஆனது. “ஆராமா சொல்லும்மா, கடை எங்கியும் ஓடிப் போவாது,” என்றார் அந்த மனுஷர். அவர் நல்லா இருக்கட்டும். எல்லா நாளும் அப்படி வாய்க்கவில்லை. ஒன்பதாம் நாள் எழுதினாள்: ‘மழை. ஆட்டோக்காரர் எங்கே என்றார். பிரேசர் டவுன் என்று வாயில் வரவில்லை. சிவாஜிநகர் என்று சொல்லிவிட்டேன். ஆபீசைத் தாண்டிப் போய் இறங்கி, நனைந்துகொண்டே நடந்து வந்தேன். அழுதேன்.’ அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் டிரேவர் கூப்பிட்டார். “நாளன்னிக்கு அனன்யா பேசட்டும்மா. உனக்கு எதுக்கு சிரமம்?”

அனன்யா பக்கத்து நாற்காலிக்காரி. மூன்று வருஷமாக இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். அவளாவது நன்றாகப் பேசட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள் ஐரின். தான் எதையோ சரியாகச் செய்யவில்லை போல என்றுதான் இரண்டு நாளும் மறுகினாள். பாவி மகளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

நாற்பதாம் நாள். மேஜையைச் சுற்றிப் பதினாலு பேர். அனன்யா எழுந்து சிரித்தாள். “ஒரு நெஜமான கதை சொல்றேன். இருபத்தேழு வயசுப் பொண்ணு. பேர் வேண்டாம்.” திரையில் எழுத்துகள் வந்தன. அவள் வாசித்தாள், ஒரு சொல்லிலும் தடுக்காமல்: “மழை. ஆட்டோக்காரர் எங்கே என்றார்...”

ஐரின் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். வரிக்கு வரி அவளுடையது. அழுதது உட்பட! யாரோ ‘அச்சச்சோ’ என்றார்கள். அனன்யா எல்லோரையும் பார்த்தாள், ஐரின் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. ‘உனக்கு எதுக்கு சிரமம்’ என்று டிரேவர் சொன்னது, அவள் திக்குவதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் என்று அப்போதுதான் விளங்கியது. கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள் அனன்யா. அதுவும் ஐரின் வரைந்து கொடுத்த பூட்டை வைத்துக்கொண்டு!

கல்லூரி ஹாஸ்டல் வார்டன் பாகீரதி கேட்டார்: “பசங்க எழுதறத வேற யாரும் பாக்க முடியாதுதானே?”

“சான்ஸே இல்ல மேடம். பூட்டு இருக்கே.”

ஐரின் எழுந்துவிட்டாள். “ப்... ப்...” உதடு ஒட்டிக்கொண்டது. டிரேவர் கையமர்த்தினார். “உக்காரும்மா, அப்புறம் பேசலாம்.” அவள் உட்காரவில்லை. பூட்டு என்பதற்கு வேறு சொல் தேடவும் இல்லை. பதினாலு பேரும் பார்க்க அதோடு மல்லுக்கட்டினாள்.

“ப்... ப்... பூட்டு நான் வரைஞ்சது மேடம். அது வெறும் ப்... படம். இப்ப வாசிச்சாங்களே, அது நான் எழுதினது. என்னைக் கேக்கல.”

பாகீரதி பேனாவை மூடினார். “நாங்க யோசிச்சு சொல்றோம்,” என்று எழுந்தார். டிரேவர் அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

மாடிப்படியில் அனன்யா கையைப் பிடித்தாள். “டிரேவர்தான் எல்லாருதையும் படிக்கச் சொன்னாரு ஐரின். உனக்கு ஒரு ஹெல்ப்பா இருக்கட்டும்னுதான் நானே பேசறேன்னு அவர்கிட்ட சொன்னேன். சத்தியமா.”

“எப்பலேருந்து ப்... படிக்கற?”

அனன்யா தலைகுனிந்தாள். “மொதல் நாள்லேருந்து.”

நாற்பது நாள். அதே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு, ‘ஏன் டல்லா இருக்க?’ என்று வேறு கேட்டுக்கொண்டு. ஐரினுக்கு அழுகை முட்டியது. கையை உதறிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆட்டோவில் போகும்போது ஆறு மணி ஆனது. போன் கேட்டது: “இன்னிக்கு ஒரு அடி வெச்சியா?” மூலையில் அந்த மஞ்சள் பூட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

‘வெச்சேன். பதினாலு பேர் முன்னால. அனன்யா, இதையும் படிச்சுக்கோ.’